திறப்பு யாரிடம்?

எங்கள் ஊர் இளைஞர் மண்டபத்தின் திறப்பு நாலு வருடம் எங்கள் வீட்டுச் சாமியறையில் தொங்கியது. விபூதித் தட்டுக்கு மேலே ஓர் ஆணி, அதில் நீல நைலோன் கயிற்றில் கட்டிய இரண்டு திறப்புகள். பெரியது முன்கதவுக்கு, சின்னது ஸ்டோர் அறைக்கு. நான் அப்போது ஊர் இளைஞர் கழகத்தின் பொருளாளர். பின்னேரம் நாலரைக்கு யாராவது ஒரு பெடியன் சைக்கிளில் வந்து படலையடியில் நின்று "அக்கா, திறப்பு" என்பான். இரவு எட்டு மணிக்கு அது திரும்பி வரும். வராவிட்டால் அம்மா என்னைத்தான் போய்ப் பார்க்கச் சொல்லுவார்.

அந்த நாலு வருடமும் மண்டபம் எங்களுடையது என்றே நினைத்தோம். திறப்பு கையில் இருந்ததால் வந்த நினைப்பு அது.

திருகோணமலை மாவட்டத்தின் கடலோரக் கிராமம் எங்களுடையது. ஊரின் பெயரையும் பிரதேச சபையின் பெயரையும் எழுதாமல் விடுகிறேன். அங்கே இருப்பவர்கள் மாறிவிட்டார்கள், என்னுடைய கோபமும் இப்போது ஆட்களோடு இல்லை. பிரதேச சபைக்குச் சொந்தமான ஓர் இளைஞர் மண்டபத்தை ஊர்ச் சங்கமொன்று பொறுப்பெடுக்கும்போது உண்மையில் எதெல்லாம் கைமாறுகிறது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன். நாங்கள் அதைப் பிழையாக விளங்கிக்கொண்டோம். சபையும் பிழையாகத்தான் விளங்கிக்கொண்டது.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்த பிறகு எங்கள் கரையெங்கும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் வீடு கட்டின, கிணறு இறைத்துத் துப்புரவாக்கின, பல்நோக்கு மண்டபங்கள் கட்டின. எங்களுக்குக் கிடைத்த மண்டபம் கட்டி முடிந்ததும் பிரதேச சபையிடம் கையளிக்கப்பட்டது. முன்சுவரில் பதித்த கல்லில் அப்படித்தான் இருக்கிறது: மக்கள் பாவனைக்காகக் கையளிக்கப்பட்டது. யார் கையளித்தார்கள், யார் வாங்கினார்கள், எந்த நாள் என்பதெல்லாம் உண்டு. கூரை ஒழுகினால் யார் பார்ப்பது என்று கல்லில் இல்லை. வேறு எங்கும் எழுதப்பட்டிருக்கவும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த மண்டபம் எங்களுக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை திருகோணமலைக் கடற்கரையில் நின்ற ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு இருட்டுப் பட்டால் வளர்ந்த பிள்ளையை வெளியே விட எங்கள் பக்கத்தில் எந்தத் தாய்க்கும் மனம் வரவில்லை. எங்கள் வயதுக்காரரின் பதின்பருவம் வீட்டு முற்றத்துக்குள் முடிந்துபோனது. கூரையும் லைற்றும் உள்ள ஓர் இடத்தில் நாலு பேர் சேர்ந்து கரம் விளையாடுவது, சும்மா இருந்து கதைப்பது, பரீட்சைக்குச் சேர்ந்து படிப்பது எங்களுக்குக் கிடைக்கவில்லை. எங்களுக்குப் பிறகு வந்த பிள்ளைகளுக்காவது கிடைக்க வேண்டும் என்று நினைத்துத்தான் கழகத்தை மறுபடி தொடங்கினோம்.

2018 பெப்ரவரியில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்து புதுச் சபை வந்தது. மண்டபம் அப்போது பூட்டிக் கிடந்தது. முன்பள்ளி கொஞ்சக் காலம் நடந்து நின்றுவிட்டது, ஆடுகள் விறாந்தையில் படுத்தன. அடுத்த வருடம் நாங்கள் ஒரு கடிதத்தோடு போய்ச் சபையின் தவிசாளரைச் சந்தித்தோம். நல்ல மனிதர். எங்களை இருத்தித் தேத்தண்ணி தந்து, "பிள்ளையள், நீங்களே பாருங்கோ, சபையிட்ட காசும் இல்லை, ஆளும் இல்லை" என்று திறப்பை எடுத்துத் தந்தார். அவ்வளவுதான் கையளிப்பு. 2019இல் அந்த மேசையில் ஒரு துண்டுக் கடதாசியில் கையெழுத்து வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. எங்களுக்கு அது தோன்றவில்லை. அவ்வளவு சந்தோசம்.

உள்ளே போய்ப் பார்த்த முதல் நாள் இன்னும் கண்ணில் இருக்கிறது. கழகத்தில் மேசன் வேலை செய்யும் தம்பி ஒருவன் ஏணி வைத்து ஏறி, கூரைச் சீற்றைப் பிடித்திருக்கும் கொக்கி ஆணியில் கை வைத்தான். இழுக்கக்கூட இல்லை, தொட்டதும் ஒடிந்து வந்தது. கீழே கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தான். உப்புக் காற்று தின்று தின்று தையல் ஊசி போல மெலிந்திருந்தது, துரு கையில் மஞ்சளாக ஒட்டியது. "அக்கா, இதிலதான் முழுக் கூரையும் நிக்குது. கச்சான் காத்துக்கு ஒரு சீற் கிளம்பினா மிச்சமும் போயிடும்" என்றான். அந்த ஆணியைக் கனகாலம் என் மேசை லாச்சியில் வைத்திருந்தேன்.

கட்டாருக்குப் போன பெடியள் காசு அனுப்பினார்கள். கரம் போட்டி வைத்தோம், வீடு வீடாகப் போனோம். கொக்கி ஆணி எல்லாம் மாற்றினோம், வெள்ளை அடித்தோம், வயர் புதிதாக இழுத்தோம். ஆனால் நாங்கள் செய்தவற்றில் மிகப் பெரிய வேலை எது என்று கேட்டால் கக்கூஸ் கதவைத்தான் சொல்லுவேன். பழைய மரக்கதவின் அடி ஒரு முழத்துக்கு உக்கிப்போயிருந்தது, உள்ளே கொளுக்கியும் இல்லை. அதனால் ஒரு பெண் பிள்ளையும் அரை மணித்தியாலத்துக்கு மேல் மண்டபத்தில் இருப்பதில்லை. ஏன் என்று பெடியளுக்கு விளங்கவில்லை, பிள்ளைகளும் வாய் திறந்து சொல்லவில்லை. பிளாஸ்ரிக் கதவு ஒன்று வாங்கிப் போட்டு உள்ளே கொளுக்கி பூட்டிய பிறகுதான் அவர்கள் தங்கத் தொடங்கினார்கள். மூன்று பேராக இருந்தவர்கள் இரண்டு மாதத்தில் பதினேழு பேரானார்கள். சபைக்காரர் யாரும் அந்தக் கதவைப் போட்டிருக்க மாட்டார்கள் என்று நான் நம்புகிறேன். மனம் இல்லாததால் என்று சொல்லவில்லை. அங்கே தினமும் இருந்து பார்க்காத ஒருவருக்கு அது ஒரு குறையாகவே தெரிந்திருக்காது. இப்படியான கட்டடங்கள் ஊரவர் கையில் இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் அந்தக் கதவு.

அப்புறம் கொரோனா வந்தது, 2022இன் பொருளாதார நெருக்கடியும் மின்வெட்டும் வந்தன. இருட்டில் இருந்த மாதங்களை விட, மின்சாரம் திரும்ப வந்த பிறகு வந்த பில்தான் எங்களை முறித்தது. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் இன்னும் 66 சதவீதம். மீற்றர் சபையின் பெயரில், பில் கட்டுவது நாங்கள். சந்தாக் காசு லைற்றுக்கும் மூன்று காற்றாடிக்குமே போதவில்லை. அந்த மார்ச்சில் சபையின் பதவிக்காலமும் முடிந்தது. புதுத் தேர்தல் நடக்கவில்லை, நிர்வாகம் அதிகாரிகளிடம் போனது. தவிசாளரின் வாய்ச்சொல்லும் அவரோடு வீட்டுக்குப் போனது.

கொஞ்ச நாளில் ஓர் உத்தியோகத்தர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "மிஸ், இந்தக் கட்டடம் உங்களிட்ட எப்பிடி வந்தது? ஒப்பந்தம் ஏதும் இருக்கா?" என்று கேட்டார். நான் நாலு வருடத்து ரசீதுகளைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினேன். சீமெந்து, சீற், வயர், கதவு. அவர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இது நீங்கள் செலவழிச்சதுக்கு அத்தாட்சி. உங்களுக்குத் தந்ததுக்கு அத்தாட்சி இல்லையே" என்றார். கணக்காய்வில் கேட்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும், ஒரு பிள்ளை விழுந்து காலை முறித்தாலும் அவர்தான். அன்று எனக்கு அழுகை வந்தது. இன்று யோசித்தால் அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. நீலக் கயிற்றோடு திறப்பைக் கொடுத்தேன்.

மண்டபத்துக்குள் இப்போது சபையின் பிளாஸ்ரிக் கதிரைகளும் பழைய தெருவிளக்குகளும் இருக்கின்றன.

அடுத்த வருடம் இங்கிலாந்தில் இருக்கும் பெரியப்பாவின் மகளிடம் இரண்டு கிழமை போயிருந்தேன். அக்கா அங்கே ஒரு தொண்டர் அமைப்பின் நிர்வாகத்தில் இருக்கிறாள். அந்த அமைப்பும் ஓர் இளைஞர் நிலையத்தை நகர சபையிடமிருந்து பொறுப்பெடுத்திருந்தது. தட்டைக் கூரைப் பழைய கட்டடம். 1960இல் அல்பமார்ல் குழுவின் அறிக்கை வந்த பிறகு இங்கிலாந்தில் அரசு பணம் கொடுத்து ஊர் ஊராக இளைஞர் நிலையம் கட்டிய காலத்தது. கட்டியதோடு நிற்காமல், இளைஞர் பணியாளர் என்று ஒரு தொழிலையே அப்போது வளர்த்திருக்கிறார்கள். படிப்பு, சம்பளம், ஓய்வூதியம் எல்லாவற்றோடும். 2010க்குப் பிறகு அந்த வேலைகளைத்தான் முதலில் வெட்டினார்கள். உள்ளூராட்சி சபைகள் இளைஞர் சேவைக்குச் செலவழித்த தொகை பத்து வருடத்துக்குள் 70 சதவீதம் அளவில் விழுந்துவிட்டது. ஆள் போனதும் கட்டடங்கள் வெறிச்சோடின. பூட்டுவதா, விற்பதா, ஊரவரிடம் கொடுப்பதா என்ற கேள்வி அப்படித்தான் வந்தது.

நான் எங்கள் கதையைச் சொன்னபோது அக்கா சிரிக்கவில்லை. "திறப்பு வாங்கிறது கடைசி வேலையடி. ஒண்டரை வருசம் நாங்கள் கடதாசிதான் வாசிச்சனாங்கள்" என்றாள்.

அந்தக் கடதாசிகளை அவளோடு இருந்து வாசித்தேன். அங்கே சபை தன் நிலத்தையோ கட்டடத்தையோ நீண்ட காலத்துக்குக் கைமாற்றுவதென்றால் கிடைக்கக்கூடிய நல்ல விலைக்கே கைமாற்ற வேண்டும் என்று 1972ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் சொல்கிறது. அப்படியானால் ஊர்ச் சங்கத்துக்கு எப்படிக் கொடுப்பது? 2003இல் ஒரு பொது அனுமதி வந்தது. ஊரின் சமூக, பொருளாதார, சுற்றுச்சூழல் நலனுக்கு அது உதவும் என்றால், சபை விட்டுக்கொடுக்கும் தொகை 20 லட்சம் பவுணுக்கு மேற்படாதவரை, மேலிடத்தில் தனியே கேட்காமல் குறைந்த விலைக்குக் கொடுக்கலாம். 2007இல் பரி குவேர்க் தலைமையில் வந்த ஆய்வறிக்கை, இப்படிக் கைமாற்றுவதால் நன்மை உண்டு, ஆபத்துகளைச் சமாளிக்கலாம் என்று சபைகளின் பயத்தைக் குறைத்தது. ஸ்கொட்லாந்து இன்னும் ஒரு படி மேலே போனது. 2015ஆம் ஆண்டின் சட்டப்படி ஊர் அமைப்பு ஒரு பொதுக் கட்டடத்தைக் கேட்டு விண்ணப்பித்தால், மறுக்க நியாயமான காரணம் இருந்தாலொழிய அதை வைத்திருக்கும் அரச நிறுவனம் சம்மதிக்க வேண்டும். கேட்கிறவர் கெஞ்ச வேண்டியதில்லை. எனக்கு அந்த வரியை வாசிக்க நெஞ்சு நிறைந்தது.

அக்காவின் அமைப்பு சபையோடு எழுதிய குத்தகையில், வாடகை என்ற இடத்தில் ஒரு வார்த்தை இருந்தது. வருடத்துக்கு ஒரு மிளகு. கேட்டால் கொடுக்க வேண்டும், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. ஒப்பந்தம் சட்டப்படி நிற்பதற்கு ஏதாவது ஒன்று கைமாற வேண்டும் என்பதற்காக இப்படி எழுதுவது அங்கே பழைய வழக்கம். பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம் என்று வளர்ந்த எனக்கு அது பிடித்துப்போனது. ஆனால் அக்கா விரல் வைத்துக் காட்டியது அதற்கு இரண்டு பக்கம் தள்ளியிருந்த வேறொரு பந்தியை. கூரை, சுவர், அத்திவாரம், வடிகால் உட்பட எல்லாத் திருத்தமும் குத்தகைக்காரர் பொறுப்பு. முதல் வரைவில் அப்படித்தான் இருந்ததாம். மிளகை வாங்கிக்கொண்டு மலையை இறக்கி வைக்கிறார்கள். அவர்கள் சொந்தச் செலவில் ஒரு பொறியியலாளரைக் கூப்பிட்டுக் கட்டடத்தைப் பார்த்தார்கள். கூரை மட்டும் அமைப்பின் இரண்டு வருட வரவை விழுங்கும் என்று தெரியவந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசி, கூரையையும் வெளிச்சுவரையும் சபையின் பொறுப்பாக மாற்றிய பிறகே கையெழுத்து வைத்தார்கள். குத்தகை 30 வருடம். அதற்குக் குறைந்தால் பெரிய நன்கொடைக்காரர் யாரும் திருத்த வேலைக்குக் காசு தர யோசிப்பார்கள் என்றாள். ஐந்து வருடத்தில் திருப்பி எடுக்கக்கூடிய கட்டடத்துக்கு எவர் கூரை போடுவார்?

நாங்கள் போட்டோம். நாளைக்கே திருப்பி எடுக்கக்கூடிய கட்டடத்துக்கு.

இன்னொன்று. கையெழுத்து வைக்கும் முன் அவர்கள் தங்கள் அமைப்பைச் சட்டத்தின் கண்ணில் தனி ஆளாகப் பதிந்துகொண்டார்கள். வெறும் சங்கமாக இருந்தால், கடன் வந்தால் நிர்வாகத்தில் இருப்பவர்களின் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். எங்கள் நாட்டிலும் இது இப்படித்தான். இளைஞர் கழகம் தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தில் பதிந்திருக்கும், சனசமூக நிலையம் பிரதேச சபையில் பதிந்திருக்கும். ஆனால் பதிவு இருப்பதும் சட்டப்படி ஒரு ஆளாக இருப்பதும் வேறு வேறு. குத்தகை எழுதும்போது யாருடைய பெயரில் எழுதுவது என்ற கேள்வியில் வந்து முட்டும். தலைவரின் பெயரில் எழுதினால், அவர் அடுத்த வருடம் கட்டாருக்குப் போய்விடுவார். அதிலும் எங்கள் பக்கத்தில் மண்டபம் நிற்கும் நிலம் பெரும்பாலும் அரச காணி. கட்டடம் சபையிடம், காணி பிரதேச செயலகத்தின் பொறுப்பில். இரண்டு கந்தோரும் ஒரே மேசைக்கு வராமல் எழுதுகிற ஒப்பந்தம் பாதி ஒப்பந்தம்தான்.

அக்காவின் நிலையத்தில் ஒரு சனிக்கிழமை முழுவதும் இருந்தேன். காலையில் யோகா, பத்து மணிக்குத் தமிழ்ப் பள்ளி, பின்னேரம் ஒரு பிறந்தநாள் விழா. எல்லாம் வாடகைக்கு. கரண்ட் பில் அப்படித்தான் கட்டுகிறார்கள். "அப்ப பெடியள் எப்ப வருவினம்?" என்று கேட்டேன். சுவரில் இருந்த அட்டவணையைக் காட்டினாள். செவ்வாயும் வெள்ளியும் மாலை ஆறு முதல் ஒன்பது வரை பச்சை நிறம். அந்த நேரத்தை வேறு எவருக்கும் வாடகைக்கு விடக் கூடாது என்று குத்தகையிலேயே எழுதியிருக்கிறது. அப்படி எழுதாவிட்டால் வருகிற வாடகையைப் பார்த்து நாங்களே பிள்ளைகளை வெளியே தள்ளியிருப்போம் என்றாள். இது எனக்குச் சுட்டது. எங்கள் மண்டபத்திலும் மூன்றாம் வருடம் கல்யாணத்துக்கு விடத் தொடங்கினோம். ஒரு சாமத்தியச் சடங்கு ஒரு மாதக் கரண்ட் பில். சனி, ஞாயிறு எல்லாம் பந்தலும் சமையலும்தான். பிள்ளைகள் மதிலில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்காக எடுத்த கட்டடம்.

செவ்வாய் மாலை வந்தபோது இன்னொன்றையும் பார்த்தேன். சம்பளத்துக்கு இருந்த பணியாளர் ஒரே ஒருவர், அதுவும் கிழமையில் இரண்டு மாலை. ஐம்பது வயதுப் பெண். வாசலில் நின்று வருகிற ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒருவன் மட்டும் பேசாமல் மூலைக்குப் போய்த் தொப்பியை இழுத்துவிட்டு இருந்தான். அவர் உடனே போகவில்லை. அரை மணித்தியாலம் விட்டு, இரண்டு கோப்பை தேத்தண்ணியோடு போய்ப் பக்கத்தில் இருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் அவன்தான் பேசினான். அதற்குப் படிப்பு வேண்டும், பழக்கம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கிழமைக்குக் கிழமை அதே ஆள் வர வேண்டும். முன்பு சபை இப்படியான நாலு பேருக்குச் சம்பளம் கொடுத்ததாம். கட்டடத்தைக் கொடுத்தவர்கள் அந்தச் சம்பளத்தைக் கூடவே கொடுக்கவில்லை. தொண்டர்கள் வருவார்கள், அவர்களுடைய பொலிஸ் பதிவை எல்லாம் சரிபார்த்துத்தான் எடுக்கிறார்கள், நல்ல மனிதர்கள். ஆனால் பரீட்சை வந்தால், வேலை மாறினால், பிள்ளை பிறந்தால் போய்விடுவார்கள். போகத்தான் வேண்டும்.

சபை ஒரு மண்டபத்தைக் கொடுத்துவிட்டுத் தன் கணக்கில் ஒரு சுமையைக் குறைத்தேன் என்று நினைத்தால், அந்தச் சுமை எங்கேயும் போய்விடவில்லை. ஒரு பொருளாளரின் சாமியறைக்கு வந்திருக்கிறது. கட்டடத்தை எங்களிடம் தரத்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கூரையைக் கவனிக்கிற கடமையையும், ஒரு ஆளுக்கான சம்பளத்தில் கொஞ்சத்தையாவது சபை தன்னிடம் வைத்திருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்பதைப் பேராசை என்று சிலர் சொன்னார்கள். வரி கட்டுகிறோம், சபைக்குக் கட்டிய சோலை வரிப் பற்றுச்சீட்டு எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

2025 மே 6இல் ஒருவழியாகத் தேர்தல் நடந்து சபைக்கு உறுப்பினர்கள் வந்துவிட்டார்கள். கழகத்தை இப்போது நடத்துவது அடுத்த தலைமுறை. செயலாளருக்கு பத்தொன்பது வயது, கக்கூஸ் கதவு போட்ட பிறகு வந்த பதினேழு பேரில் ஒருத்தி. போன கிழமை எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து கடிதம் எழுதினோம். கழகம், கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம் மூன்றும் சேர்ந்து ஒரு குழு, அதில் பாதிப் பேர் முப்பது வயதுக்குக் குறைந்தவர்களாக இருக்க வேண்டும். சபைத் தீர்மானத்தோடு எழுத்து ஒப்பந்தம், பத்து வருடத்துக்குக் குறையாமல். கூரையும் சுவரும் சபைக்கு, மற்றதெல்லாம் எங்களுக்கு. கிழமையில் நாலு பின்னேரம் பிள்ளைகளுக்கு மட்டும், கல்யாணமென்றாலும் விட முடியாது. ஒப்பந்தம் முறிந்தால் நாங்கள் போட்ட செலவை எப்படிக் கணக்கிடுவது என்று ஒரு பந்தி. கிராம அபிவிருத்திச் சங்கத்து ஐயாமார் முப்பது வயது விடயத்துக்கு முகம் சுளித்தார்கள். ஒரு மணித்தியாலம் வாக்குவாதப்பட்டு, பிறகு சரி என்றார்கள்.

துருப்பிடித்த அந்த ஆணியை லாச்சியிலிருந்து எடுத்துச் செயலாளரிடம் கொடுத்தேன், சபைக் கூட்டத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி. அவள் அதை வாங்கிப் பையில் வைத்துவிட்டு, கடிதத்தின் வரைவைத் திருப்பிப் பின்பக்கத்தில் கோடு போடத் தொடங்கினாள். என்ன என்று கேட்டேன்.

"திறப்பு வந்தா ஆர் திறக்கிறது, ஆர் பூட்டுறது எண்டு இப்பவே எழுதி வைப்பம் அக்கா. பிறகு உங்கட வீட்டதான் வந்து தொங்கும்."

ஏழு நாளுக்கும் ஏழு கட்டம். ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டுக் கேட்டுத்தான் பெயர் எழுதினாள். இருட்டும்போது ஆறு கட்டம் நிரம்பியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.